காதுக்காரரின் தட்டு

என் அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். காது பெரிது என்பதால் வந்த பெயர் இல்லை. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆக்சில் மேல் வைப்பார். பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம்தான். பிறகு, வலதுபக்க பேரிங் என்பார், அல்லது பல்சக்கரத்தில் ஒரு பல்லின் விளிம்பு உடைந்திருக்கிறது என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். வண்டிக்காரர்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். டாக்டர் நாடி பிடிக்கும்போது நோயாளியின் வீட்டுக்காரர்கள் நிற்பது போல நிற்பார்கள்.

அக்காவுக்கு இதில் ஒரு குறை உண்டு. "ஆக்சில் பேசினா கேக்குது, ஆக்கி வச்சவ பேசினா மட்டும் இந்தக் காதுக்கு என்ன வந்துடுதோ," என்பாள். எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள், இரும்பால் செய்தவள், எண்ணெய் நாற்றம் அடிப்பவள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அத்தான் அதற்கும் பதில் சொல்லமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார்.

அவர் இந்தத் தொழிலை யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவர் இல்லை. சின்ன வயதில் கல்குவாரியில் கல் ஏற்றும் வேலை பார்த்தார். குவாரியின் பின்னால் ஒரு பழைய ஜீப்பின் ஆக்சில் துருப்பிடித்துக் கிடந்ததாம். வேலை முடிந்ததும் அதை ஒரு ஸ்பேனரும் ஒரு கடப்பாரையுமாகப் பிரிப்பார், மறுபடி சேர்ப்பார். அதே ஆக்சிலை நாற்பது தடவையாவது பிரித்திருப்பேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். முதல் பத்துத் தடவையும் சேர்த்து முடித்த பிறகு ஏதாவது ஒரு சாமான் கையில் மிச்சம் இருக்குமாம்.

நான் அவர்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பையோடு வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். நாலு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவனை, நாலாம் நாள் காலையில் அத்தான் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாளி மண்ணெண்ணெயும் ஒரு பிரஷும் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அந்த வீட்டின் வெளி அறைதான் என் அறை, அந்த ஷெட்தான் என் வேலை. சாமான்களைக் கழுவுவேன், விளக்குப் பிடிப்பேன், பாரம் தூக்குவேன். மூளை அவருடையது, முதுகு என்னுடையது.

காலையில் ஷெட்டைத் திறப்பதற்கு முன் என் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வது என் பழக்கம். அத்தான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று குரல் கொடுப்பார்.

"பேசி முடிச்சிட்டியா மச்சான்? ஆண்டவனுக்கும் வேற வேலை இருக்கும்ல."

பத்து வருஷம், ஒருநாள் தவறாமல் இதே கேலி. நானும் தினமும் சிரிப்பேன்.

அவருடைய வேலையில் ஒரு முறை இருந்தது. நடந்ததெல்லாம் அந்த முறையைச் சுற்றி என்பதால் அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கரடுமுரடான பாதையில் ஓடுகிற ஜீப்பின் ஆக்சில் நடுவில் பானை போல ஒரு கூடு இருக்கும். அதன் உள்ளே கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரமும், அதைச் சுற்றவைக்கிற பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும் இருக்கும். கிரவுன் ஒரு கனத்த இரும்பு உருளையின்மேல் பூட்டப்பட்டிருக்கும். அந்த உருளை இடதும் வலதுமாக இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பேரிங்குக்கும் பக்கத்தில், கூட்டின் சுவரை ஒட்டி, காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான வட்டத் தகடுகள். இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு என்று கம்பெனியிலேயே அளந்து போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்காது. பல்லும் பல்லும் எவ்வளவு நெருங்கிக் கடிக்க வேண்டும் என்பதை அந்தத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. இடது தகடு வலதுக்கும் வலது தகடு இடதுக்கும் போனால் கிரவுன் ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். அவ்வளவு போதும்.

பேரிங்கை அழுத்திப் பிடிக்கிற மூடிகளில் அத்தான் உளியால் புள்ளி வைத்துவிடுவார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு. ஆகவே அவற்றை ஒரே வாளியில் போட்டுக் கலக்கிக் கழுவலாம். தகடுகளில் புள்ளி வைக்க முடியாது, நசுங்கிவிடும். சாக்பீஸ் கோடு மண்ணெண்ணெயில் போய்விடும். அதற்காக ஒரு தகரத் தட்டு வைத்திருந்தார். வண்டியின் பின்னால் ஒரு முக்காலி, அதன்மேல் தட்டு. இடதுபக்கம் இருந்து வந்தது தட்டின் இடதுபக்கம், வலது வலதுபக்கம். தகடுகளைத் தட்டிலேயே துணியால் துடைக்க வேண்டும். கூட்டை மூடும்வரை அந்தத் தட்டை யாரும் தொடக்கூடாது. சாப்பாடு கொண்டுவரும் அக்காகூட அந்த முக்காலிக்கு மூன்று முழம் தள்ளித்தான் நடப்பாள்.

கடைசியில் ஒரு சோதனை செய்வார். கிரவுனைக் கட்டைவிரலால் முன்னும் பின்னும் அசைத்துக் காதைக் கிட்டத்தில் வைப்பார். 'டிக்' என்று மெலிதாக ஒரு சத்தம் வரவேண்டும். அது 'டக்' என்றால் இடைவெளி அதிகம். சத்தமே இல்லையென்றால் இறுக்கம். கடிகாரம் போல முள் காட்டுகிற அளவுக் கருவி ஒன்று வாங்கலாமே என்று நான் கேட்டதற்கு, இது போதாதா என்று காதைத் தொட்டுக் காட்டினார். அவர் மூடிய ஆக்சில் ஒன்றுகூட திரும்பி வந்ததில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை. அதையும் அவர் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது வேறெங்கோ பார்ப்பார்.

அன்றைக்கு வந்தது நர்ஸம்மாவின் ஜீப். பாதை இல்லாத இடங்களுக்கும் ஆற்றுப்படுகைக் கற்களின் மேல் ஏறி இறங்கிப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். வண்டியை அவரேதான் ஓட்டுவார். கிரவுன் உருளைக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்களின் வாஷர் தேய்ந்து, திருப்பத்தில் ஒரு சத்தம். உருளையைக் கழற்றி வெளியே எடுத்தால்தான் மாற்ற முடியும்.

எண்ணெயை வடித்து, பின்மூடியைத் திறந்து, இரண்டு பக்கத் தண்டுகளையும் வெளியே இழுத்தோம். பேரிங் மூடிகளைக் கழற்றினார். உருளை கூட்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், சும்மா இழுத்தால் வராது. கூட்டின் வாயைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். அதற்கு அவரே செய்த ஒரு கருவி இருந்தது. இரண்டு கனத்த இரும்புக் கைகள், நடுவில் திருகினால் நீளும் திருகு. தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியவர். 'பெரியவரைக் கூட்டிட்டு வா' என்றால் அதுதான். பெரியவரை மாட்டி, ஒரு மயிரிழைக்குமேல் போகாமல் திருகி, உருளையை வெளியே எடுத்தோம். தகடுகளைத் தட்டில் பிரித்து வைத்தார். வாஷரை மாற்றினார். நான் மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்போது மழை பிடித்தது. எங்கள் ஷெட் தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. கூரையில் ஒரு ஆணி ஓட்டை உண்டு. அதில் இருந்து சொட்டிய தண்ணீர் நேராக முக்காலிக்குப் பக்கத்தில் விழுந்து தெறித்தது. அத்தான் வாஷர் வேலையில் குனிந்திருந்தார். தகட்டில் தண்ணீர் பட்டால் துரு பிடிக்குமே என்று நான் தட்டை ஜாக்கிரதையாக, ஒன்றும் கலையாமல் தூக்கினேன். சுற்றிக்கொண்டு போய் வேலை மேசையின் மறுபக்கம் நின்று, காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தேன்.

மறுபக்கம் நின்று வைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. என் பக்கத்தில் இடதாக இருந்தது அவர் பக்கத்தில் வலதாகிவிட்டது. ஒரு தகடும் ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. பத்து வருஷமாகத் தட்டைத் தொடாதவன், நல்லது செய்கிறோம் என்று ஒரு தடவை தொட்டேன்.

அத்தான் எழுந்து முக்காலியைப் பார்த்தார். நான் மேசையைக் கை காட்டினேன். மழைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அவர் தலையாட்டிவிட்டுத் தட்டில் இடதில் இருந்ததை இடதில் போட்டார், வலதில் இருந்ததை வலதில் போட்டார். கிரவுனை அசைத்தார். காதை வைத்தார். கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மறுபடி காதை வைத்தார். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் இரண்டு நாள் போக முடியாது, ஐஸ் பெட்டியில் மருந்து இருக்கிறது என்று நர்ஸம்மா குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தான் மூடியை மூடினார்.

பதினாறாம் நாள் அந்த ஜீப்பை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்தது.

ஆற்றின் நடுவில், காய்ந்த கற்களின் மேல் ஏறும்போது பின்னால் படீரென்று உடைந்து நின்றுவிட்டதாம். நல்ல வெயில். நர்ஸம்மா ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகி, அவ்வளவு மருந்தும் வீணாகிவிட்டது. நாற்பது குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருந்து திரும்பிப் போனார்களாம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்து நாளா ஒரு மாதிரி இரைச்சல் வந்துச்சு அண்ணே. நீங்க கழட்டி மாட்டினதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்," என்றார்.

அத்தான் கூட்டைத் திறந்தார். எண்ணெயோடு மூன்று பற்கள் துண்டுதுண்டாக வந்து வாளியில் விழுந்தன. பெரியவரை மாட்டி உருளையை எடுத்தார். தகடுகளை விரலால் தடவிப் பார்த்தார். இந்த ஜீப்பில் கிரவுன் பக்கம்தான் தகடு கனமாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் மெலிதாக இருந்தது. மூடிகளின் புள்ளியைப் பார்த்தார், அவை சரியாகவே இருந்தன. தகடுகளை மறுபடி தடவினார்.

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தட்டு, மேசை, மறுபக்கம், எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றது. வாய் திறந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"என் கைதான் மாத்திப் போட்டிருக்கு. தப்பு என்னுதும்மா."

நர்ஸம்மா, இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார். அதற்குமேல் நான் பேசுவதற்கு அந்த இடத்தில் இடம் இல்லாதது போல இருந்தது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

புது கிரவுன் பினியனைத் தாமே போடாமல் வேறொரு ஷெட்டில் கொடுத்துப் போடவைத்தார். அடுத்து வந்த வண்டிக்காரரிடம், ஆக்சில் வேலை இப்போது பார்ப்பதில்லை, பிரேக், கிளட்ச் என்றால் பார்க்கிறேன் என்றார். அந்த மனிதர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

இடதும் வலதும் மறந்துபோன கை, மழையில் ஒரு டக்கைக் கேட்க முடியாத காது, இரண்டையும் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போகிறவர்களின் உயிரில் விளையாடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அவரை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனாள். காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார்களாம். எல்லாவற்றுக்கும் தூக்கியிருக்கிறார். இருபது வயதுக் காது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, அந்தப் பெட்டிச் சத்தம் வேறு, இது வேறு என்று படுத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்தில் பிரேக், கிளட்ச்சும் நின்றது. ஷெட்டின் முன்பாதியை டயர் கடைக்காரருக்கு விட்டோம். நான் அங்கேயே பஞ்சர் போடுகிறவனாகச் சேர்ந்துகொண்டேன். அத்தானுக்கு ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூரை.

மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் சாப்பிடும்போது வண்டிகள் உள்ளே வரும், போகும். அவர் தலையைத் தூக்காமலேயே, இதற்கு முன்பக்கச் சக்கரத்தின் பேரிங் போகப்போகிறது, இதற்கு எண்ணெய் குறைவு என்று சோற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு ஜீப்காரரைக் கூப்பிட்டு, பினியனில் இரைச்சல் இருக்கிறது, நல்ல ஆளிடம் காட்டுங்கள் என்று சொன்னார். அந்த ஆள் ஒரு வாரம் கழித்து வந்து, நீங்கள் சொன்னது சரிதான் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அத்தான், ஏதோ தோன்றியது என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கிழித்தார். அவர் காது ஊருக்கெல்லாம் வேலை செய்தது. அவருக்கு மட்டும் அதன்மேல் நம்பிக்கை இல்லை. அந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கிற ஒரே வார்த்தை என் வாயில் இருந்தது.

சொல்லாமலே இருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அத்தான், அந்தத் தட்டு இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பேச்சு வேண்டாம் மச்சான், சோறு இறங்காது என்றார். நான் அதை ஒரு அனுமதி போல வாங்கி வைத்துக்கொண்டேன். அவரே வேண்டாம் என்கிறார், நாம் என்ன செய்வது என்று அதற்குமேல் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் ஆண்டவனிடம் சொன்னேன். தட்டைத் தூக்கி வைத்தது நான் என்று அழுது சொன்ன நாட்களும் உண்டு. மனம் லேசானது போல எழுந்திருப்பேன். அப்படி லேசானதுதான் என் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஆண்டவனுக்கு அது முன்பே தெரியும். தெரியாத மனிதர் பக்கத்து அறையில் படுத்திருந்தார்.

பயம் என்றால் என்ன பயம் என்று யாராவது கேட்கலாம். வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றா? அக்கா அனுப்பமாட்டாள், அத்தானும் அனுப்பமாட்டார். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். முதல் மாதம் சொல்லியிருந்தால் ஒரு மாதச் சண்டை. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்தத் தப்போடு சேர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் தட்டு சின்னதாகிவிட்டது, நாட்கள்தான் மலை மாதிரி நின்றன.

ஜீப் உடைந்து எட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஷெட்டின் பின்பாதியையும் காலி செய்துவிடலாம் என்று அத்தான் பழைய இரும்புக்காரனை வரச்சொல்லியிருந்தார். அவன் மூன்று சக்கர வண்டியோடு வந்து ஒவ்வொன்றாக ஏற்றினான். உடைந்த ஸ்பேனர், பழைய ஸ்பிரிங். கடைசியில் மூலையில் சாக்கு மூடியிருந்த பெரியவரைக் காலால் தட்டி, இது என்ன, கை கொடுங்கள் என்றான்.

அத்தான் ஒரு முனையைப் பிடித்தார். "மச்சான், அந்தப் பக்கம் பிடி," என்றார்.

நான் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். தூக்க வரவில்லை.

"அத்தான், இதைப் போடாதீங்க. உங்க கை மாத்தலை. தட்டைத் தூக்கி வச்சது நான். அன்னைக்கு மழை ஒழுகிச்சுன்னு மேசைக்கு அந்தப் பக்கமா நின்னு வச்சுட்டேன்."

அவர் முனையை மெல்லக் கீழே வைத்தார். இரும்புக்காரனிடம், ஏற்றினது போதும், போய்வா என்றார். அவன் போன பிறகு உள்ளே போய் அந்தத் தகரத் தட்டைத் தேடி எடுத்து வந்தார். முக்காலி இருந்த இடத்தில் ஒரு பெட்டியைப் போட்டார். இரண்டு போல்ட்டைத் தட்டில் இடதிலும் வலதிலுமாக வைத்தார்.

"செஞ்சு காட்டு."

நான் தட்டைத் தூக்கினேன், சுற்றிக்கொண்டு போனேன், மேசைக்கு மறுபக்கம் நின்று வைத்தேன். அவர் தம் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றார் மெதுவாக.

"ஆமா அத்தான்."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"திறந்து பார்த்தோமே, அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே," என்றார். அப்படியே பெட்டியின்மேல் உட்கார்ந்தார். மறுபடி, "அன்னைக்கே," என்றார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"தட்டுக்கு மன்னிப்பு கேக்காத. நானும் தூக்கித்தான் வச்சிருப்பேன், ஒழுகினா யாரும்தான் நகர்த்துவாங்க. நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேனே, தினம் சோறு கொண்டுவந்து பார்த்தியே. அதுக்கு என்ன கேக்கப்போற?"

நான் எழுந்து போய்ப் பெரியவரை மறுபடி சாக்கால் மூடினேன்.

அக்காவிடம் அவர்தான் சொன்னார். அவள் இரண்டு நாள் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள், "நீயாடா," என்று மட்டும் கேட்டாள்.

நர்ஸம்மாவுக்குச் செய்தி எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அக்காவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட் வாசலில் அதே ஜீப் நின்றது. அதற்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் முடி நரைத்துவிட்டது. பின்னால் முனகுகிறது அண்ணே, நீங்கள் பார்த்தால்தான் எனக்குத் தைரியம் என்றார். அத்தான் வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கேட்டார்.

உருளையைக் கழற்றி மாட்ட முன்பெல்லாம் அரை நாள் ஆகும். அன்றைக்கு காலையில் இருந்து வெளிச்சம் குறையும்வரை ஆனது. மூன்று தடவை எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். வலது தோள் ஒரு அளவுக்குமேல் தூக்க வரவில்லை. ஆறேழு வருஷம் சீட்டுக் கிழித்த தோள். பெரியவரை நானும் நர்ஸம்மாவும் தூக்கி மாட்டினோம். திருகியது அவர். தகடுகளை எடுத்துத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டை முக்காலியில் வைக்கவில்லை. தரையில் வைத்து, அதன் விளிம்பைத் தம் இடது காலால் அழுத்திக்கொண்டார். பேரிங்கை மாற்றி, பழைய தகடுகளை வைத்துப் பார்த்து, போதாமல் இன்னொன்று சேர்த்து, மூடிகளைப் புள்ளி பார்த்துப் பூட்டி முடிக்கும்வரை அந்தக் காலை எடுக்கவில்லை. கால் மரத்துப்போய், எழும்போது நொண்டினார். என்னிடம் சொல்ல வேண்டியதைக் கால் சொல்லிவிட்டது.

கடைசியில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கட்டைவிரலால் கிரவுனை அசைத்தார். காதை வைத்துக் கண்ணை மூடினார்.

டிக்.

எனக்கே கேட்டது. அவர் மறுபடி அசைத்தார், மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை தேவையே இல்லை, கேட்பதற்காகவே கேட்டார் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்தபோது இமையெல்லாம் ஈரம். கையைக் கழுவிக்கொண்டு வந்து நர்ஸம்மாவிடம் சொன்னார்.

"காது இருக்கும்மா. தோள்தான் போயிடுச்சு."

திங்கட்கிழமை காலையில் மறுபடி அந்த நாற்காலிக்கே போனார். இந்தத் தோளை வைத்துக்கொண்டு ஷெட்டைத் திறக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். நர்ஸம்மாவின் ஜீப்பை மட்டும் பார்க்கிறார். இப்போது ஆட்கள் அந்த நிறுத்தத்துக்கே வந்து வண்டியை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். நிமிர்ந்து பார்த்து, சந்தேகமில்லாமல் சொல்கிறார். அது மட்டும்தான் திரும்பி வந்தது.

என்னை அவர் வெறுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார். நான் சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னை மச்சான் என்று ஒருதடவையும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால், "இங்க பாரு," என்கிறார்.

காலையில் என் அறையில் பிரார்த்தனை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்கும். இடது கால், பிறகு வலது கால். ஒரு நொடி நிற்பார். அந்தப் பழைய கேலி வருமோ என்று அந்த நொடியில் நான் தலையைத் தூக்குவேன். பிறகு படி இறங்கிப் போகிற சத்தம் கேட்கும்.